உம்மாவின் பகல் குளிசை

உப்புப் போட்ட பிளேன்டீயை முகம் மாறாமல் குடித்து முடித்து, "இன்னொண்டு ஊத்து மகள்" என்று கேட்டு என்னைத் தோற்கடித்த என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாரை மீன் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் கடற்கரைக்குப் போனீர்கள். ஒரு மீனுக்கு இவ்வளவு நேரமா? வாசலில் நின்று வழி பார்த்த எனக்கு அப்போது பதினொரு வயது. இப்போது பதினாறு. கடலிடம் கேட்டால் அது வாய் திறக்காது. திறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும்.

முதலில் செய்திகள். யுத்தம் முடிந்துவிட்டது. நாங்கள் இப்போது வீட்டுத்திட்டத்து வீட்டில் இருக்கிறோம், கடல் தெரியாத பக்கம். நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டில் கடல் மீன் இல்லை. சாகாமத்துக் குளத்து மீன்தான். தங்கச்சிக்கு ஏழு வயது. அவள் வாய்க்குப் பயந்து தெருப் பூனைகள்கூட எங்கள் வளவுக்குள் வருவதில்லை. அந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று உம்மா என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

நான் எழுத வந்தது உம்மாவைப் பற்றி. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஆனா என்னப் பாவம் மாதிரிக் காட்டாத" என்றார்.

நீங்கள் போன அடுத்த வருடம் உம்மாவின் இடது கண் மங்கியது. பிறகு தெளிந்தது. பிறகு இடது கால் மரத்தது. ஊர் அதற்குக் கவலை என்று பெயர் வைத்தது. கொழும்பில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர் வைத்த பெயர் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கே களைத்துவிட்டது. நரம்பு ஒரு வயர், அதன் மேலுறை அங்கங்கே அரிபட்டுப் போகிறது என்று அவர் விளக்கினார். உம்மா பஸ்ஸில் அதை எனக்கு வேறு மாதிரி சொன்னார்.

"மாவடிப்பள்ளியில வாப்பாட கடைசி வயல் ஞாபகமா மகள்? வாய்க்கால்ல தண்ணி நல்லாத்தான் விடுவாங்க. வரம்பெல்லாம் நண்டுத் துளை. கடைசி வயலுக்கு வந்து சேரக்குள்ள ஒண்டும் மிச்சமிரிக்காது. அப்பிடித்தான் எனக்கும்."

காலைவிட, கண்ணைவிட, கூடவே வந்த அசதிதான் உம்மாவைத் தின்றது. அசதி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு சதி ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? வேலை செய்து களைத்த களைப்பு என்றால் படுத்தெழும்ப ஆறும். இது எழும்பும்போதே கூட எழும்பி வருகிறது. கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த உம்மா ஒரு நாள் பாதிக் கணக்கில் வெண்கட்டியோடு தரையில் இருந்துவிட்டார். அதிபர் நல்ல மனுஷி. நோன்பு லீவு முடியும் வரைக்கும் ஓய்வெடுங்கள் என்றார். அதன் பிறகும் ஏலாது என்றால் நோய், வருத்தம் என்று காட்டி ஓய்வூதியத்தில் போவதுதான் வழி என்றும் சொன்னார்.

பள்ளிக்கூடம் இல்லாத உம்மாவை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? எனக்கு முடியவில்லை.

பெரியும்மாவுக்கு எல்லாம் முடிகிறது. வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பாக்க வாழைக்குருத்து மாதிரி இரிக்காய். உனக்கென்ன வருத்தம்? எழும்பி நாலு வேலையச் செய்தா எல்லாம் பறந்திரும்" என்றார். உம்மா சிரித்தார். பெரியும்மா போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நோன்புக்குக் கொஞ்சம் முன்னர் மறுபடி கொழும்புக்குப் போனோம். யுத்த காலத்தில் பஸ் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எங்களை இறக்கி நடக்கவிடும். உம்மா என் தோளில் தொங்கிக்கொண்டு நடப்பார். இந்த முறை அநேகமான இடங்களில் பஸ் நிற்கவேயில்லை. உம்மா வழி முழுக்க வாய் திறந்து நித்திரை கொண்டார். சமாதானத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பங்கு அந்த நித்திரைதான்.

டொக்டர் ஒரு புதுக் குளிசை தந்தார். வருத்தத்தை இது மாற்றாது, அசதிக்கு மட்டும், சிலருக்கு உதவும் சிலருக்கு உதவாது, ஒரு மாதம் போட்டுப் பார்ப்போம், பலனில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்றார். காலையில் ஒன்று, பகல் ஒன்று.

அந்த ஒரு மாதம் நோன்பு மாதமாகப் போய்விட்டது. கடல் ஊருக்குள் வந்த பிறகு கூடாரத்துக்குள் இருந்தபோதும் நோன்பு விடாத மனுஷி இப்போது விடுவாரா? எங்கள் ஊரில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறதே. சீனி வருத்தமோ, பிரஷரோ, காய்ச்சலோ, ரெண்டு நேரக் குளிசை என்றால் பொழுதுபட்டு நோன்பு திறந்து ஒன்று, விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று. மருந்துக் கடைக்காரரும் கேட்காமலே அதைத்தான் சொன்னார். உம்மாவும் அப்படியே போட்டார்.

அதன் பிறகுதான் வீட்டில் அதிசயங்கள் நடக்கத் தொடங்கின. சஹருக்கு எழும்பினால் ஜன்னல் திரைக்கு ஓரம் தைத்திருக்கும். அரிசியில் கல் பொறுக்கியிருக்கும். என் கணக்குக் கொப்பியில் சிவப்பு மையால் பிழை பிடித்திருக்கும். உம்மாவோ பகல் முழுக்க நனைத்துப் போட்ட சீலை மாதிரிக் கிடப்பார். "ஜின்தான்" என்றாள் தங்கச்சி. ஜின்னுக்குத் தசம கணக்குத் தெரியுமா?

ஜின்னைப் பிடிக்க என்னைவிட்டால் ஊரில் யார்? படுக்கப் போகும்முன் குசினித் தரையில் அரிசிமாவைத் தூவிவிட்டேன்.

சஹருக்கு எல்லோருக்கும் முன்னால் எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஒரு காலடி தெளிவாகப் பதிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நீண்ட கோடு. மறுபடி ஒரு காலடி, மறுபடி ஒரு கோடு. உம்மா இழுத்து நடக்கும் இடது கால். சிரிக்கத்தான் அந்த மாவைத் தூவினேன் வாப்பா. துடைக்கத் துணியை எடுத்துவிட்டு அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று பின்னேரம் உம்மா சொன்னார்: "இந்தக் குளிசையும் சரிவரல்ல புள்ள. ராவைக்குக் கண் மூடுதில்ல, பகலைக்குக் கண் திறக்குதில்ல. டொக்டர்ட்டச் செல்லி நிப்பாட்டுவம்."

"உம்மா, குளிசை நல்லா வேலை செய்யுது. நீங்கதான் அதுக்கு நைட் டியூட்டி குடுத்திரிக்கீங்க."

"உனக்கு எல்லாம் பகிடி."

பகிடி இல்லை என்று காட்ட கிளினிக்குக்கு போன் எடுத்தேன். அங்கிருந்த தாதி தமிழில் கதைத்தார். பின்னேரத்துக்குப் பிறகு அதைப் போடவே கூடாது, நித்திரை கெட்டுவிடும் என்றார். "நோன்பு எண்டு நீங்க எங்களுக்குச் சொல்லவேயில்லையே" என்றார். எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்ல, விட்ட நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சோறு குடுக்கலாம். நீங்கதானே எனக்குப் படிச்சுத் தந்தீங்க" என்றேன்.

"அது ஏலாத ஆக்களுக்கு."

"நீங்க ஏலுமான ஆளா?"

உம்மா இடது காலைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நோன்பை விட்டால் தான் வருத்தக்காரி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கண் மங்கியபோதும் கால் மரத்தபோதும் அவர் ஒத்துக்கொள்ளாமல் வைத்திருந்தது அதைத்தான்.

இனிச் சொல்லப்போவதை ஒரு வாப்பாவிடம் சொல்லக்கூடாது. நீங்கள் திரும்பிக் கேட்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு இல்லை. அந்த நாட்களில் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு பீங்கான் இருக்கும். கறி வாசம் வராமல், கரண்டிச் சத்தம் கேட்காமல் அதில் சாப்பிடுவது எப்படி என்று எனக்குக் காட்டித் தந்ததே உம்மாதான். எங்களோடு இருந்த அத்தனை வருடமும் நீங்கள் ஒன்றும் அறியாமல் இருந்தீர்களா, அறியாத மாதிரி இருந்தீர்களா?

என் நாட்கள் வந்தன. கதவுக்குப் பின்னால் இரண்டு பீங்கான் வைத்தேன். ஒன்றின் ஓரத்தில் பகல் குளிசை. உம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

"எனக்குத் தனியத் திங்கப் பயமா இரிக்கி உம்மா. தங்கச்சி வந்தாளெண்டா ஊர் முழுக்கச் செல்லிருவாள். காவலுக்கு ஒரு ஆள் வேணும்."

உம்மா அந்தக் குளிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கள்ளி" என்றார். பிறகு கதவோரமாக இருந்து, பிஸ்மி சொல்லி, ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதே நேரம் அவருக்குச் சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்குப் புரைக்கேறிவிட்டது.

காலை, பகல் என்று நேரம் மாறி ஒரு கிழமை போனது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கால் இன்னும் கோடு கீறுகிறது. ஆனால் இரவில் நித்திரை வந்தது. பின்னேரம் உம்மா நின்றுகொண்டு கஞ்சி கிண்டினார். விட்ட நோன்புக்குக் கொடுக்கும் சோற்றைத் தானே ஆக்கினார். நாங்கள் உதவிக்குப் போனால் அகப்பையை ஓங்கினார். குளிசையால் வாய் காய்ந்துகொண்டே இருந்தது. "பாதி நோன்ப அல்லாஹ் என்னிட்டயே வெச்சிரிக்கான்" என்றார்.

அந்தக் காய்ந்த வாய்தான் ஒரு நாள் சோதனைக்கு வந்தது. யார் நோன்பு, யார் கள்ளம் என்று நாக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தங்கச்சியின் உத்தியோகம். வெளுத்துக் காய்ந்திருந்தால் நோன்பு. பெரியும்மா வந்திருந்த நேரம் பார்த்து, "உம்மா, நாக்க நீட்டுங்க" என்றாள். உம்மா நீட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"உம்மா நோன்புதான்" என்று தங்கச்சி தீர்ப்புச் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"இல்ல மகள்" என்றார் உம்மா. "உம்மாக்கு நோன்பில்ல. உம்மா வருத்தக்காரி. பகலைக்குக் குளிசை போடணும்."

பெரியும்மா உம்மாவின் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். அந்தக் காலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. எழும்பிப் போகும்போது, "நாளைக்குக் குடுக்கிற சோத்துக்கு நான் கறி கொண்டு வாறன்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெருநாள் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் குளிசையைத் தொடரச் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தது. அதிபர் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறார். பகல் குளிசை இடைவேளையில், பிள்ளைகளுக்கு முன்னால், ஒளிக்காமல். முழு நேரசூசிக்கும் பாடம் எடுக்க முடியுமா என்று இன்னும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை காரைதீவிலிருந்து மீன் கொண்டு வரும் அண்ணன் படலையடியில் ஹோர்ன் அடித்தார். வழக்கமாக நாங்கள் கதவைத் திறப்பதில்லை. உம்மா திறந்துகொண்டு போனார். "பாரை இரிக்கா தம்பி?" என்றார். வெயிலில் நின்றுகொண்டு செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, அந்த மனுஷனைக் களைக்க வைத்துவிட்டு மீனோடு உள்ளே வந்தார்.

ஒரு வாக்குத் தருகிறேன் வாப்பா. இந்தக் குளிசை ஒரு நாள் கைவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அப்படி உம்மா மறுபடி படுத்தால், அவரைச் சோம்பேறி என்ற ஒரு சொல் கட்டிலடிக்குப் போகாமல் வாசலில் நான் நிற்பேன். அதையும் தாண்டி வருகிறவர்களுக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அதில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மீன் வந்துவிட்டது. நீங்கள் இனி அவசரப்பட வேண்டாம்.

குசினிக் கதவுக்குப் பின்னால் உம்மாவுக்குக் காவல் இருக்கும்,
உங்கள் மூத்த மகள்