செடி மறைவில் ஒரு குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஃபெபி வணக்கத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்தாயிற்றா?

இங்கே புனே ஆபீஸில் எங்கள் குழுவின் வேலை நொண்டியது. என்ன செய்யலாம் என்று மேனேஜர் கேட்டார். இருபது பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நான் தோட்டத்தில் பழம் பறிக்கும்போது உங்களுக்குள்ள பழக்கத்தைச் சொன்னேன். செடி மறைவில் ஆள் தெரியாது என்பதால், அடுத்த வரிசைக்குப் போகுமுன் "ஏனுங்கக்கா, இருக்கறீங்களா?" என்று குரல் கொடுப்பீர்களே! எல்லோரும் பதில் சொல்லும்வரை ஒரு கூடையும் நகராது.

அவர் சிரித்தார். ஆனாலும் தினமும் பதினொரு மணிக்குப் பக்கத்து ஆளை விசாரிக்கச் சொன்னார். முதல் நாளே என் பக்கத்து மேசை ஸ்வாதி அழுதுவிட்டாள். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. லீவு போடச் சொல்லி, அவள் வேலையை நாங்களே பிரித்துக்கொண்டோம். திரும்பி வந்தவள் இரண்டு பேர் வேலையைச் செய்கிறாள். தேங்கியதெல்லாம் முடிந்துவிட்டது. பாராட்டு மட்டும் மேனேஜருக்கு!

ராசம்மாள் அக்கா மகன் இங்கே வரும்போது கொஞ்சம் மிளகு கொடுத்தனுப்புங்கள். நேற்று லேசான காய்ச்சல், ரூமிலேயே இருந்தேன். பயப்படாதீர்கள். பதினொரு மணிக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸுக்கு வராதவர்களையும் விசாரிக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில், சாப்பிட்டாயா என்று கேட்குமுன், "கண்ணு, இருக்கறயா?" என்று தோட்டத்துக் குரலில் ஒருமுறை கூப்பிடுங்கள். நான் பதில் சொல்லும்வரை நகராதீர்கள்.

உங்கள் மகள்,
ஃபெபி