மூன்று வீட்டுக் கடனும் என் வெறும் வயிறும்

ஏங்க, என் தட்டு தொடாமல் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நேற்றைய சண்டைக்கு இது உண்ணாவிரதம் இல்லை.

"நீ திடீர்னு போயிட்டா வாடகைக்கு விட்ட மூணு வீட்டுக் கடனையும் நானா கட்டுறது?" என்று கத்தினீர்களே, கேள்வி நியாயம்தான். மூன்றும் அடையும் அளவுக்கு ஆயுள் காப்பீடு எடுக்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். என் ரத்தத்தைப் பார்த்து டாக்டருக்கே பொறாமை வரும், பாருங்கள்.

பதினொரு மணிக்கு ஏஜென்ட் வருவார். கடன் பத்திரங்களின் நகலைக் கொடுங்கள். பீரோ சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. எனக்கும் சேர்த்துச் சமையுங்கள், யானைப் பசியோடு வருவேன்.

பி.கு.: நான் போனால் கடனைத்தான் அடைப்பார்களாம். குடியிருப்பவர்களின் குழாய்ப் புகாரை எந்தக் கம்பெனியும் ஏற்காதாம். அது உங்களால் ஆகாது. ஆகவே நூறு வயது வரை இருப்பதாக முடிவு செய்துவிட்டேன்.