சந்தனப் பையில் துவரை

உப்புப் போட்டு வேகவைத்த பச்சைத் துவரங்காயின் வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. உனக்குப் பிடிக்குமே என்று இரண்டு கை கூடுதலாகப் போட்டுவிட்டேன். அடுப்பை அணைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

நம் மலைப் பள்ளி நாற்றங்காலில், ஒவ்வொரு சந்தன நாற்றின் பையிலும் நீ ஒரு துவரையை ஊன்றியிருந்தாய். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் பிழைக்கும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குள் உன்னை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நீ அறிவியல் டீச்சர்; நான் கணக்கு டீச்சர், எனக்கென்ன தெரியும்?

நீ திரும்பி வந்த அன்று பெண் பிள்ளைகள் பெருமையோடு ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் எட்டாம் வகுப்பு செண்பகம்.

"வேற செடி மொளைச்சிருந்திச்சி டீச்சர். அத்தினியும் புடுங்கிட்டோம்!"

சாமைக் கொல்லையில் களையெடுத்துப் பழகிய கைகள் ஆயிற்றே! சந்தன நாற்றுகள் மஞ்சளித்துக் கிடந்தன. வருகிற மழைக்கு அவற்றைப் பின்சரிவில் நட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் உன் ஆசை. அதற்கடுத்த மழை உனக்கில்லை என்று நம் இருவருக்கும் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீயோ சிரித்தாய்.

"திட்டாதடி. இன்னா சுத்தமா களை எடுத்திருக்காளுங்க பாரு! தொணை இல்லாம சந்தனம் நிக்காதுன்னு நாமதான சொல்லல?"

விஷயம் புரிந்ததும் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. நீ தரையில் உட்கார்ந்து மறுபடியும் துவரை ஊன்றத் தொடங்கினாய். அவர்களும் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

பாதிக்கு மேல் தேறிவிட்டன. நட்ட அன்று மழை தூறியது. நீ மட்டும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாற்றங்காலில்கூட இருந்துவிடுகிறேன், பஸ் நிறுத்தம்தான் கொடுமை. திருப்பத்தூர் பஸ்ஸுக்காக நாம் தினமும் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்ற இடம். நீ போன பிறகு, சாயங்காலமானால் செண்பகம் வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். நேற்று அவளை விரட்டிப் பார்த்தேன்.

"வூட்டுக்குப் போம்மா. நான் தனியா போய்க்கிறேன்."

அவள் நகரவில்லை.

"பஸ்ஸு வரட்டுங்க டீச்சர். தொவரையப் புடுங்கினா இன்னா ஆவும்னுதான் பாத்தோமே."

பஸ் வரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

துவரங்காயை டப்பாவில் போட்டு மூடியிருக்கிறேன். சாயங்காலம் செண்பகத்துக்குக் கொடுக்க வேண்டும். அது உன் பங்கு.