ஏழு போரில் முதல் போர்

7.6.2014, சனி

காலையிலிருந்து விடாத சாரல். குடை ஆபீஸில் கிடக்கிறது. எனவே லீவு. குள்ளர் படையில் இன்னும் பதினொரு பேருக்குத் தாடி பாக்கி. ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம், தாடிக்கு மட்டும் மூன்று பூச்சு. இந்த ஈரத்தில் எதுவும் காய்வதாக இல்லை.

பகவதி காப்பியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நாப்பத்தி மூணு வயசாச்சு. பொம்மைக்கு தாடி வரைஞ்சிட்டு இருக்கிய."

தூரிகையைக் கழுவினேன். பிறகு அவளே, "ஜெரால்டு அண்ணனுக்கு தேதி குடுத்தாச்சா?" என்றாள். பத்தொன்பது என்றேன். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

பிறகு குழம்பாமலிருக்க எழுதி வைக்கிறேன்:

– 17 செவ்வாய், ஜெ. அட்மிஷன், திருவனந்தபுரம்.
– 19 வியாழன் ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுக்கிறார்கள்.
– மற்ற இடத்துக்குப் பரவவில்லை. இது நல்ல சேதியாம்.
– இனி மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாக. பேச்சு கிடையாது.
– பிற்பாடு ஏதோ கருவி வைத்துப் பேசலாமாம். பேசலாம்தான். அவன் குரலில் அல்ல.

கடற்கரையில் மீன் ஏலம் விளிக்கிறவன். அவனுக்குத் தொண்டையில்தான் வரவேண்டுமா. எனக்கு வந்திருந்தால் ஆபீஸில் ஒருத்தருக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

10.6, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மட்டிப்பழம் ஒரு சீப்பு, பாதி காய்.

மதியம் ஜெ. போன். குரல் காகிதத்தைக் கிழிப்பது போல.

"ஞாயித்துக்கிழமை முதல் போர். காலத்த பூசை முடிஞ்சு நான் வீட்டுல இருப்பேன். வந்திரு."

"உடம்பு முடியுமாடே?"

"ஒன் கிட்ட உடம்ப பத்தி கேட்டேனா? தாடி முடிஞ்சுதா, அத சொல்லு."

பஹ்ரைனில் ஒரே அறையில் மூன்று வருடம் கிடந்தோம். ஊர் திரும்பிய சூப்பர்வைசர் ஒருவர் ஒரு பெட்டியை விட்டுப் போனார், மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. உள்ளே பூதப்படை, குள்ளர் படை, பகடை, விதிப்புத்தகம். அங்கே எங்கள் வெள்ளிக்கிழமைகளெல்லாம் அதில்தான் போயின. நாட்டுக்கு வந்தபின் ஜெ. சொந்தமாகவே ஒரு கதை கட்டினான். ஏழு போர், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. நீள நோட்டில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதினான். முதல் போரில் செத்த தளபதி மீதி ஆறு போருக்கும் வரமாட்டான். அது மூன்றாம் விதி. நாலாம் விதி: கட்டளையை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டும், சொல்லாத படை நகராது.

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தான். ஆனால் எனக்கு ஆடிட் என்றும் அவனுக்கு சீசன் என்றும் தள்ளித் தள்ளிப் போட்டோம். பெரும்பாலும் நான்தான் தள்ளிப் போட்டது.

நாலாம் விதியை விட்டுவிடலாம் என்று போனில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"எழுதினது எழுதினதுதான். ஆபரேஷனுக்கு முன்னால ஒரு போராவது என் வாயால நடக்கணும் மக்கா."

13.6, வெள்ளி

தாடி முடிந்தது. ஒருவனுக்குக் கண் கோணல். திருத்தப் போய் மூக்கும் போயிற்று. விட்டுவிட்டேன்.

15.6, ஞாயிறு

மழை இல்லை. பஸ்ஸில் மடியில் அட்டைப் பெட்டி. பக்கத்திலிருந்தவர், "கேக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜெ. எல்லாம் தயாராக வைத்திருந்தான். நாலு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஒரு பழைய கதவு. அதன்மேல் கடற்கரைக் கருமணல். மீன் பெட்டித் தெர்மோகோலை அறுத்து மலைகள். மலையில் இன்னும் மீன் வாடை. ஆள் பாதியாக இளைத்திருக்கிறான். கழுத்தில் துண்டு. அவன் மனைவி செலின் வெந்நீர் பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்து, "செத்த நேரம் விளையாடிட்டு நிறுத்துங்க அண்ணே," என்றாள். அவன் அவளை முறைத்தான்.

தொடங்கினோம். அந்தக் கரகரத்த தொண்டையை வைத்துக்கொண்டு அவன் ஏலம் விளிக்கிற மாதிரியே கட்டளை கொடுத்தான்.

"இடப்பக்கத்து படை ஆறு இஞ்சு முன்னால! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

மூன்றாம் தரத்துக்குப் பூதங்களை நகர்த்துவான். அடுக்களையில் செலின் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

என் முறை.

"என்னடே இது, ஆபீஸ்ல பைல் கேக்கது மாதிரி? சத்தமா சொல்லு. கேக்கல்லன்னா ஒன் படை அங்கனயே நிக்கும்."

கத்தினேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் மறந்துதான் இருந்தோம்.

பிறகு நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். என் பீரங்கிக்கு நேராக அவன் தளபதி வந்து நிற்கிறான். ஐந்தோ ஆறோ விழுந்தால் காலி. பகடை மலைக்குப் பின்னால், என் பக்கம் விழுந்தது. ஆறு. அவனால் பார்க்க முடியாது. "ரெண்டு," என்று சொல்லிப் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். நாலு நாளில் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கப் போகிறவன். அவன் தளபதியை இன்றைக்கு நான் எப்படிக் கொல்வது?

ஜெ. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.

"எத்தன?"

"ரெண்டு."

"சின்னதுலேருந்து ஏலம் விளிக்கவன் நான். மூஞ்சிய பாத்தா தெரியாதா? எவன் பொய் சொல்லுகான், எவன் இன்னும் கேப்பான்னு? எத்தனடே?"

"ஆறு."

நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டான். செலின் ஓடி வந்தாள்.

"பாவம் பாக்கியா? ஏலே, என் வீட்டுல இருந்து எனக்கு பாவம் பாக்கியா? வியாழக்கிழமைக்கு அப்புறம் நீ ஏமாத்தினா ஒன்ன ஏச எனக்கு தொண்டை கிடையாது. அப்பம் எல்லாத்தயும் இப்பமே ஏசணும். இருந்து கேளு."

ஏசினான். கடற்கரை வார்த்தை ஒன்று பாக்கியில்லை. என்னை, என் வேலையை, என் படையின் தாடியை. செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்திவிடுவானோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் இருமல் வந்தது. வெந்நீர் குடித்தான். உட்கார்ந்தான். தன் கையாலேயே தளபதியை எடுத்து மணலில் சாய்த்து வைத்தான்.

"ஆறுன்னா ஆறு. நல்ல சாவுதான். ஆடு."

அதற்குமேல் அவனுக்குச் சத்தம் எழும்பவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் நான் எழுந்து போய் அவன் வாய்ப் பக்கம் காதை வைத்தேன். முனகலாக மூணு தரம். நான் அவன் பூதங்களை நகர்த்தினேன். பிறகு என் இடத்துக்கு வந்து அவற்றைக் கொன்றேன். பொய் இல்லாமல். ஒன்றரை மணிக்குப் போர் முடிந்தது. குள்ளர்களுக்கு வெற்றி. இப்படி ஒரு வெற்றி எனக்கு வேண்டாம்.

மீன்குழம்பு, மரச்சீனிக் கிழங்கு. அவனுக்குக் கஞ்சி.

கிளம்பும்போது நோட்டை எடுத்து நாலாம் விதியைப் பேனாவால் அடித்தான். இரண்டு கோடு, நேராக. என்னைப் பார்க்காமலே, "ரெண்டாவது போருலேருந்து இது வேண்டாம்," என்றான். அழுதிருக்கலாம். இரண்டு பேரும் அழவில்லை. பஸ் உடனே வந்துவிட்டது.

16.6, திங்கள்

ஆபீஸ். ஒரே கடிதத்தை இரண்டு தடவை பதிவு செய்தேன். குடை கிடைத்தது, கம்பி போயிருக்கிறது.

மாலையில் போன் செய்தேன். செலின் எடுத்தாள். நேற்று கத்தியதில் தொண்டை வீங்கியிருக்கிறதாம், ஆபரேஷன் வரை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "அது ஒண்ணும் இல்ல அண்ணே, நீங்க மனசுல வைக்காதீங்க," என்றாள்.

அப்படியென்றால் கடைசியாக மிஞ்சிய குரலும் என்னை ஏசுவதற்குத்தான் போயிற்று. ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் பேச அதை வைத்திருந்தானோ என்னவோ.

19.6, வியாழன்

சாரல். எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனதாகச் செலின் மெசேஜ். நாலரைக்கு இன்னொன்று: "முடிஞ்சுது. நல்லா இருக்காரு." பகவதியிடம் காட்டினேன். சாமி படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். ஒருத்தரைத்தான் கூட இருக்க விடுவார்களாம், அடுத்த வாரம் வந்தால் போதுமாம்.

21.6, சனி

வெயில். தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்துக் காயப்போட்டோம்.

பதினொரு மணிக்குச் செலின் போன். வார்டுக்கு மாற்றியாயிற்று. எழுந்து உட்காருகிறானாம். சிலேட்டில் என் பெயரை எழுதிக் காட்டினானாம்.

"போன அவரு காதுல வைக்கேன் அண்ணே. நீங்க பேசுங்க, அவருக்கு கேக்கும்."

சொல்ல எத்தனையோ இருந்தது. பழகிய இந்த எட்டு வருடமும் அவன் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தவன். அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம், துளை வழியாக, சளியோடு. வாய்க்கு வந்தது,

"ஏலே, எப்படிடே இருக்க?"

கேட்டுவிட்டு, பழக்கத்தில், பதிலுக்குக் காத்திருந்தேன்.