முதற்பரிசும் றோல்ஸ் பார்சலும்

லா சப்பல்,
பாரிஸ்.

அன்புள்ள மகன் சஞ்சீவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, பிள்ளையார் காவலில் நாங்கள் மூவரும் சுகம், மொன்றியல் குளிரில் நீயும் சுகமாய் இருக்கவேண்டும். தொலைபேசியில் சொன்னால் தங்கச்சி லக்சிகா பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருப்பாள், அதுதான் எழுதுகிறேன். போன ஞாயிறு அவளுடைய குதிரையோட்டப் போட்டி, அவளுக்கு முதற்பரிசு. சந்தோஷப்படு, ஆனால் முழுவதையும் படி. அவள் தடையைத் தாண்டிப் பாயும்போது குதிரையின் கால் பட்டு தடையின் கட்டை ஒன்று விழுந்தது. இன்னொரு பிள்ளை ஒன்றையும் தட்டாமல் வந்தாள், அவளுக்கு இரண்டாமிடம். எனக்கு அப்போதே மனம் இடறியது. எங்கள் ஆட்களின் பேச்சுப்போட்டிகளில் நடுவரின் மருமகளுக்கே பரிசு போவதைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. திரும்பி வரும்போது உன் அப்பாவைத் துருவினேன். மனிதர் காலையில் நடுவர் அம்மாவுக்கு மட்டன் றோல்ஸ் பார்சல் கொடுத்திருக்கிறார். பாவம், குளிரில் நிற்கிறா என்று கொடுத்தாராம். இதற்குத்தானா பரிசு என்று ரயிலுக்குள்ளேயே ஏசினேன், பின்னால் இருந்த லக்சிகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

அன்று தொடக்கம் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரிசு ரிப்பனைக் குப்பை வாளிக்குள் போட்டாள், நான் எடுத்துத் துடைத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். பிறகு அவளுடைய பயிற்சியாளரிடம் போய் மெல்ல விசாரித்தேன். அந்தப் போட்டியில் புள்ளி குதிரைக்கு இல்லையாம், ஓட்டுகிற பிள்ளைக்குத்தானாம். கட்டை விழுந்தும் இவள் திரும்பிப் பார்க்காமல், கடிவாளத்தை இழுக்காமல், முதுகு நேராக அடுத்த தடைக்குப் போனாளாம். மற்றப் பிள்ளை பாயும்போதெல்லாம் குதிரையின் வாயை இழுத்தாளாம். பார்சலைப் பற்றியும் கேட்டேன். நடுவர் இறைச்சி சாப்பிடமாட்டாவாம், பிரிக்காமலே லாயத்தில் வேலை செய்பவர்களிடம் கொடுத்துவிட்டாவாம். தன்னிடம் படிக்கும் பிள்ளையைப் பயிற்சியாளர் விட்டுக்கொடுப்பாரா என்று அதிலும் எனக்கு அரைவாசிதான் நம்பிக்கை. என் புத்தி அப்படி.

வீட்டுக்கு வந்து லக்சிகாவிடம் சொன்னேன். பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். கடைசியில் மட்டும், எனக்கு விளங்கவேண்டும் என்று தமிழில், "முன்னப்பின்னத் தெரியாத மனுசி என்னை நம்பினவ, நீங்கள் நம்பேல்லை" என்றாள்.

அடுத்த மாதமும் போட்டி இருக்கிறது. அப்பாவும் நானும் வரவே கூடாது என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லாய் இருக்கவேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மறக்காமல் அவளோடு கதை. அம்மா வேலிக்கு வெளியே நின்றாவது பார்க்கலாமா என்று கேள். வெறுங்கையோடு வருவேன், வாயும் திறக்கமாட்டேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அம்மா,
வா. தில்லைநாயகி