கடலுக்கடியில் இருந்தவர் வயலைத் தரிசு போட்டதாக வந்த நோட்டீசு

அனுப்புநர்:
வை. அம்சம், வயது 41,
க/பெ வைரக்கண்ணு,
கீழத்தெரு, வடகண்ணாறு,
திருக்காட்டுப்பள்ளி வழி.

பெறுநர்:
வட்டாட்சியர் மற்றும் குத்தகை உரிமைப் பதிவு அலுவலர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: வடகண்ணாறு கிராமம், புல எண் 112/3, நஞ்சை ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் – தரிசு என்று எழுதியதை நீக்கவும், குத்தகைப் பதிவேட்டில் என் பெயரைச் சேர்க்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. மேற்படி நிலம் என் மாமனார் சாமிதுரை அடிபட்டு, வழக்குப்பட்டு, 1972-இல் குத்தகைப் பதிவு செய்தது. அவருக்குப் பின் என் கணவர் பெயரில் உள்ளது. என் கணவர் அந்தமானுக்கு ஓடிவிட்டார், நிலம் தரிசாகக் கிடக்கிறது, எனவே பதிவை நீக்க வேண்டும் என்று நில உரிமையாளர் துரைராசு அவர்கள் புகார் கொடுத்து, சென்ற மாதம் எங்களுக்கு நோட்டீசு வந்தது. "மீனை வேடிக்கை பாக்குறவனுக்கு நெலம் எதுக்கு?" என்று தெருவில் நின்றும் கேட்டார். கேட்கட்டும்.

2. என் கணவர் ஓடவில்லை. ஹாவ்லாக் தீவில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, பவளப்பாறை பார்க்க வருகிறவர்களைக் கைப்பிடித்துக் கடலுக்குள் இறக்கிக் காட்டுவது அவர் வேலை. மழைக்காற்று வந்தால் அங்கே கடல் கலங்கி வேலை நின்றுபோகும். அந்த நேரம்தான் இங்கே மேட்டூர் திறப்பார்கள். அவர் கப்பலேறி வந்து நாற்று விட்டு, நடவு முடித்துவிட்டுத்தான் திரும்புவார். அதன்பின் களையெடுப்பு, உரம், அறுப்பு எல்லாம் நான். பத்து வருடமாக அவருக்கு அங்கே தண்ணீர், எனக்கு இங்கே தண்ணீர். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

3. அந்தப் புகாரின் பேரில் பிப்ரவரியில் தங்கள் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் ரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே பார்த்திருக்கிறார். அறுத்த தாள்தான் தெரிந்திருக்கும். என் கணவருக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் அறுபதடி ஆழத்தில் இருந்தார், அங்கே மணி அடிக்காது. உடனே "ஆளும் இல்லை, பயிரும் இல்லை" என்று எழுதிவிட்டார். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஈரத்தில் நான் தெளித்த உளுந்து, தாளுக்கடியில் இரண்டு இலை விட்டிருந்தது. நானும் கீழ்க்கோடியில் குனிந்து வரப்பு அணைத்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வந்த கோபத்தை மனுவில் எழுத முடியாது.

4. உளுந்து எடுத்த கையோடு, ஏப்ரலில், என் கணவர் என்னை அங்கே அழைத்துப் போனார். படகிலிருந்து பார்த்தால் வெறும் நீலத் தண்ணீர். "இதப் பாக்கவா இம்புட்டு தூரம் கூட்டியாந்தீங்க?" என்றே கேட்டுவிட்டேன். கறுப்பு உடுப்பை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து இறக்கினார். காது அடைத்தது, பயந்தேன். அடியில் போனால், அய்யா, நாற்றங்கால் போலப் பச்சைப்புல். அதில் ஆமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் என் முழங்கையை உரசிப் போயின. மேலே வந்ததும் இன்னொரு தடவை இறக்கச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம். எங்கள் வயலை ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போனவர் ஞாபகமும் வந்தது.

5. குடும்பத்தார் உழைப்பும் குத்தகைதாரர் உழைப்புதான், பயப்பட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். எனக்கு அது போதாது. வீட்டு ஆண் ஊரில் இல்லை என்றால் வயலில் ஆளே இல்லை என்று எழுதுகிற வழக்கம் எங்கள் வயலோடு நிற்கட்டும். பதிவேட்டில் என் பெயரும் வேண்டும். என் கணவரின் சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். என் பெயரையே முதலில் எழுதலாம் என்கிறார். அது தங்கள் விருப்பம்.

6. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அவரும் வந்துவிட்டார், நாற்றும் கிளம்பிவிட்டது. தாங்களே நேரில் வந்து, ஜீப்பை விட்டு இறங்கி, வயலுக்குள் கால் வைத்துப் பார்த்து முடிவு சொல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். செருப்பை வரப்பிலேயே விட்டுவிடலாம். இங்கே காது அடைக்காது.

இடம்: வடகண்ணாறு
நாள்: 18.08.2008

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
வை. அம்சம்
(சாகுபடி செய்பவர்)