கப்பல் ஏணியின் கடைசிப் படி

செப்டம்பர் 5, திங்கள்

விடியலிலிருந்தே மழை. துணி காயவில்லை. ஆறாம் படிவத்துக்கு இந்த வாரம் முழுக்க நாடு, எல்லை, ஆட்சிப் பரப்பு. எல்லை என்றால் வேலியா டீச்சர் என்று கோமதி கேட்டாள். சில இடத்தில் வேலி, சில இடத்தில் ஆறு, பல இடங்களில் வெறும் கோடு, அங்கேயே போய் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மாலை என் வீட்டுக்காரர் ஃபெர்ரியிலிருந்து ஓட்டமாக வந்தார். கிரேன் ஓட்டுகிற மனிதர்; எதிலும் நிதானம். ஓடி நான் பார்த்ததே இல்லை. கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் படகுக்காரர் அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகக் கேன்டீனில் சொன்னாராம்: வெளியே நங்கூரம் போட்டிருக்கிற ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர், இவர் பெயரைச் சொல்லி விசாரித்தார் என்று. பெயர் அருளப்பன். இவருடைய அண்ணன்.

சோறு அப்படியே இருக்கிறது. ஜன்னலோரம் நிற்கிறார். எங்கள் ஐந்தாவது மாடியிலிருந்து வடக்குக் கடல் தெரியும். தூரத்தில் கப்பல்கள், எல்லாவற்றிலும் விளக்கு. மழைக்குள் விளக்குகள் மட்டும் மிதக்கின்றன. எது அண்ணனுடையது?

செப். 6, செவ்வாய்

வெயில். தலைவலி. மாத்திரை வாங்க மறந்தேன்.

அண்ணனை நான் பார்த்ததே இல்லை. நாகப்பட்டினத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்தவர். இவர் பிறந்தது பட்டர்வொர்த்தில். ஒரே வயிறு. அண்ணனுக்குப் பிரஜை அல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டை, தம்பிக்கு மலேசியப் பிரஜையின் நீலம். பிரஜையாக இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்துக்கே கப்பல் ஏறிவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே. அனுப்பி வைக்கப் போன அன்று துறைமுகத்தில் நின்றதை இவர் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார்.

இன்று அரை நாள் லீவு போட்டு, கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் கேட்டார். கப்பல் கரைக்கு வராது. எண்ணெய், தண்ணீர் ஏற்றிக்கொண்டு வியாழக்கிழமை போய்விடும். மாலுமிகளுக்கு இறங்கப் பாஸ் இல்லை. வெளியாட்கள் ஏறவும் முடியாது. "ரூல் அப்படி லா, அண்ணே" என்றாராம் குமாஸ்தா. மரியாதையாகத்தான்.

கப்பலில் பறப்பது பனாமா கொடி. அதில் வேலை செய்கிற ஒருவரும் பனாமாவைப் பார்த்ததில்லையாம். ஆனாலும் கொடி எந்த நாட்டுடையதோ கப்பல் அந்த நாட்டைச் சேர்ந்தது. வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இவர் என் அட்லாஸை எடுத்துப் பனாமாவைத் தேடினார். "இத்தனூண்டு இருக்கு" என்று மூடி வைத்தார்.

செப். 7, புதன்

பள்ளி விட்டதும் நேரே வெல்ட் கீ படகுத்துறை. ஆ செங்கின் சம்பான் படகு. இவருக்குப் பழைய சிநேகிதன். நங்கூரக் கப்பல்களுக்குக் காய்கறி கொண்டுபோகிறவன். ஏறக்கூடாது, பக்கத்தில் போகலாம், கடல்தானே என்றான் மலாயில்.

எடுத்துப்போனது: கைலி 2, ஜாதிக்காய் ஊறல், பிஸ்கட், தைலம், கோழிக் குழம்பு தூக்குச்சட்டியில். சமையல்காரருக்குக் குழம்பா என்று இவரே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

கடல் எண்ணெய் தடவினதுபோல அசையாமல். தெற்கே, கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் தூண்கள், தண்ணீருக்குள் யாரோ இறங்கி நடந்துபோகிறதுபோல. கரை சின்னதாகிச் சின்னதாகிப் பனியில் கலைந்தது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே சற்று நேரம் மறந்துபோனது.

கப்பல் அருகே போகப் போகச் சுவராகிவிட்டது. துருப்பிடித்த சிவப்புச் சுவர். மேலேயிருந்து ஏணி சாய்ந்து இறங்கியது. ஆ செங் அண்ணன் பெயரைச் சொல்லி மேலே கூவினான். ஏணியில் ஒருவர் மெல்ல இறங்கி வந்தார். நரைத்த தலை, இவருடைய அதே நெற்றி. தண்ணீருக்கு ஒரு கை உயரத்தில், கடைசிப் படியில் நின்றார்.

அலை சம்பானைத் தூக்கியபோது இரண்டு பேரும் கையைப் பிடித்தார்கள். இறக்கியபோது விட்டுவிட்டார்கள். மறுபடி பிடித்தார்கள். ஏணி பனாமா, சம்பான் மலேசியா என்று எனக்குள் ஒரு டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை வாயை மூடச் சொன்னேன்.

"ஏறுண்ணே. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் இவர். விளையாட்டாகச் சொல்லவில்லை. பிடித்தால் ஜெயில், இவர் வேலையும் போகும். ஆனால் வேண்டாம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

அண்ணன் கரையைப் பார்த்தார்.

"கரைக்கு வந்தா திரும்ப மனசு வராதுடா. நாகப்பட்டினத்துல புள்ளைங்க என்னை நம்பி இருக்கு. இந்தக் கப்பலை ஒரு சுத்து மட்டும் வர்றேன்."

மேலே காவலுக்கு நின்ற ஆள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் காலை எடுத்துச் சம்பானில் வைத்தார். அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. ஆ செங் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டான். கப்பலைச் சுற்றி மெதுவாக, மெதுவாக. அண்ணன் குழம்பைக் கையாலேயே சாப்பிட்டார். காரம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தலையாட்டினார். எங்கள் தீவின் கொடிமலை மேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நான்தான் வர முடியாது. நீ ஏன்டா ஒரு தடவைகூட அங்க வரல?"

இவர் குனிந்து தூக்குச்சட்டியைக் கடல் தண்ணீரில் கழுவினார். சம்பான் ஏணிக்குத் திரும்பிவிட்டது.

செப். 8, வியாழன்

மேகமூட்டம். விடிந்தபோது கப்பல் அங்கே இல்லை. ஆறாம் படிவத்துக்குப் பாடம் நடத்தாமல் வரைபடம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார். குழாய் ஒழுகுகிறது.

செப். 10, சனி

இவர் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டை எடுத்து, தானே இஸ்திரி போட்டார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும் என்றார். இத்தனை வருடம் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ஏதாவது சாக்குச் சொல்லுவார்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "போனா திரும்பி உள்ள விடுவாங்கல்ல?" என்றார்.

"நீல அட்டை இருக்கு. நீங்க இங்க பொறந்தவரு."

"அண்ணனும் இங்கதான் வளர்ந்தாரு."

இதுவா. இத்தனை வருடமும் இந்தப் பயமா. பொத்தானை நானே போட்டுவிட்டேன். நானும் கூட வர்றேன், ரெண்டு பேருமா போயிட்டு ரெண்டு பேருமா வருவோம் என்றேன்.

ஸ்டூடியோவில் முதலில் இவர். கண்ணை இமைக்காமல் நேராகப் பார்க்கச் சொன்னார்கள். இமைக்கவில்லை. கண்ணீர்தான் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள்.